மூடிக்குள் இருக்கும் கணக்கு

போன தை மாதம் அப்பாவின் ஹெச்.எம்.டி. ஜனதா வாட்ச் நின்றுபோனது. சாவி கொடுத்தால் பிடிமானமே இல்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. ஸ்ரீரங்கத்தில் ஒன்றாம் நம்பர் பஸ் ஏறி திருச்சி மெயின்கார்டு கேட்டில் இறங்கினேன். மாடிப்படிக்கு அடியில் ஒரு கண்ணாடிப் பெட்டி, ஒரு ஸ்டூல், கண்ணில் லென்ஸ் செருகிய ஒரு பெரியவர். கடை அவ்வளவுதான்.

மூடியைத் திறந்து பார்த்தவர், "மெயின் ஸ்பிரிங் அறுந்திருக்கு தம்பி. பழைய வாட்ச்ல இருந்து கழட்டின ஒரிஜினல் ஒண்ணு இருக்கு. புதுசாச் செஞ்சு வர்றதும் இருக்கு. எதைப் போடட்டும்?" என்று கேட்டார்.

என் சின்ன வயதில் இந்தக் கேள்வியே கிடையாது. ஜப்பானின் சிட்டிஸன் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து 1961-ல் பெங்களூரில் ஹெச்.எம்.டி. வாட்ச் தொழிற்சாலை தொடங்கியது. அதன் உதிரிச் சாமான் தாராளமாகக் கிடைத்த காலத்தில் எது ஒரிஜினல் என்று யாரும் விசாரிக்கவில்லை. வாட்ச் ஓட வேண்டும், புதுசு போலப் பளபளக்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்தப் பளபளப்பு ஆசையில்தான் நானும் தவறு செய்தேன். முதல் சம்பளத்தில் அப்பாவின் வாட்சை சர்வீஸுக்குக் கொடுத்தேன். "டயல் மங்கிப்போச்சு, மாத்திடலாம்" என்றார் கடைக்காரர். சரி என்றேன். ஒரு ஆடிப்பெருக்கன்று அம்மா மண்டபப் படித்துறையில் குளிக்கும்போது அப்பா கழற்ற மறந்து, தண்ணீர் இறங்கி, நாலு மணிக்குப் பக்கத்தில் புளியங்கொட்டை நிறத்தில் ஒரு கறை இருந்தது. புது டயலில் அது இல்லை. பழைய டயலைக் கேட்டேன். குப்பையில் போட்டுவிட்டார்களாம். அப்பா வாட்சைக் கையில் கட்டிக்கொண்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா வேற யாரோ வாட்சுல மணி பார்க்கிற மாதிரி இருக்குடா" என்றார். அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை. இன்றைக்கும் அது எனக்கு வலிக்கிறது.

இப்போது காலம் தலைகீழாகிவிட்டது. ஹெச்.எம்.டி. வாட்ச் நிறுவனத்தை மூட 2016-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. அன்றைக்குப் பழசு என்று ஒதுக்கியதை இன்றைக்குத் தேடி வாங்குகிறார்கள். தேவை கூடியதும் போலி பெருகிவிட்டது. பெரியவர் தன் லென்ஸை என்னிடம் கொடுத்து, ஒரு வாட்சின் டயலைக் காட்டினார். எழுத்து தடித்து, ஓரம் கசிந்திருந்தது. நிமிடப் புள்ளிகள் கோட்டில் நிற்கவில்லை. "இது மேல பெயின்ட் அடிச்சது. கேஸ் ஒரு வாட்ச், மெஷின் ஒரு வாட்ச், முள் இன்னொரு வாட்ச். ஒரிஜினல்னு சொல்லி வித்திருக்காங்க" என்றார்.

அப்படியானால் எதையுமே மாற்றக்கூடாதா? அப்படி இல்லை. ஜனதா போன்ற வாட்ச் மணிக்கு 18,000 முறை துடிக்கிறது. ஒரு நாளைக்கு 4,32,000 துடிப்பு. இத்தனை உழைக்கிற இடத்தில் தேய்மானம் இல்லாமல் இருக்காது. ஸ்பிரிங், கண்ணாடி, வாஷர், வார் எல்லாம் உழைத்துத் தேய்வதற்கென்றே பிறந்தவை. வருஷக்கணக்காக உழைத்த பழைய ஸ்பிரிங்கில் விசை குறைந்திருக்கலாம். அதை எடுப்பதற்காக உயிருள்ள இன்னொரு வாட்சைப் பிரிப்பதும் நியாயமில்லை. டயல், முள், கேஸ் அப்படியல்ல. அவை வாட்சின் முகம். முகத்தைத் தொடக்கூடாது.

ஸ்ரீரங்கத்துக்காரனுக்கு இதில் குழப்பம் வரவே கூடாது. கோயிலின் தெற்கு வாசலில் நூற்றாண்டுகளாக அடித்தளத்தோடு நின்றது மொட்டை கோபுரம். அஹோபில மடத்தின் 44-ம் ஜீயர் முன்னின்று அதைப் பதின்மூன்று நிலை, 236 அடி உயரத்துக்குக் கட்டி முடித்தார். 1987 மார்ச் 25 அன்று கும்பாபிஷேகம். அப்பா தோளில் என் தங்கை, அவர் கையைப் பிடித்துக்கொண்டு நான். அடியில் பழைய கல், மேலே புதுக் கட்டுமானம். எது எந்தக் காலத்தது என்பதை யாரும் மறைக்கவில்லை. ஊருக்கே தெரியும். அதனால்தான் அந்தப் புதுசு பழசோடு சண்டை போடாமல் நிற்கிறது. மாற்றுவது குற்றமில்லை; மாற்றியதை மறைப்பதுதான் குற்றம்.

அதே 1987-ல்தான் டைட்டன் வாட்சும் கடைக்கு வந்தது. பேட்டரி வாட்ச் வந்ததும் காலையில் சாவி கொடுக்கும் பழக்கம் வீடு வீடாகப் போய்விட்டது. அப்பா மட்டும் விடவில்லை. பூஜை முடிந்ததும் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அந்தச் சாவியைத் தேடிப் போகும்.

"புது ஸ்பிரிங்கே போடுங்க ஐயா. அறுந்ததை மட்டும் எனக்குக் கொடுங்க" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. அறுந்த ஸ்பிரிங்கைச் சாமணத்தால் எடுத்துக் காகிதத்தில் மடித்துத் தந்தார். பிறகு வாட்சின் பின்மூடியைத் திருப்பி, லென்ஸை நீட்டினார். உட்புறத்தில் ஊசிமுனையால் கீறிய மயிரிழை எழுத்துகள். முன்பு வேலை பார்த்தவர்கள் விட்டுப்போன அடையாளங்களும் தேதிகளும். டயல் மாற்றிய அந்த முறைக்கு மட்டும் ஒரு கீறலும் இல்லை.

பெரியவர் ஊசியை எடுத்து, கடைசி வரிக்குக் கீழே அன்றைய தேதியைக் கீறினார். பக்கத்திலேயே பொடி எழுத்தில் 'ஸ்பிரிங் புதுசு' என்றும் எழுதினார். மூடியை அழுத்தி மூடி என்னிடம் நீட்டினார். நான் சாவி கொடுத்தேன். விரலுக்குப் பிடிமானம் கிடைத்தது.