காலி இடத்துக்கு ஐம்பது வருட வழக்கு

காலி இடத்துக்காக மனிதர்கள் அடித்துக்கொள்வது புதிதில்லை. ஆனால் ஒரு வரியின் தொடக்கத்தில், கண்ணுக்கே தெரியாமல் கிடக்கும் இடத்துக்கு நாலு ஸ்பேஸா எட்டு ஸ்பேஸா, இல்லை டேபா என்று படித்த பெருமக்கள் தலைமுறை தலைமுறையாக வழக்காடிய பெருமை கம்ப்யூட்டர் துறைக்கே உரியது. இத்தனைக்கும் கம்ப்யூட்டருக்கு இதில் பெரும்பாலும் அக்கறையே கிடையாது. சி மொழியில் ஒரு முழு புரோகிராமைக் கிட்டத்தட்ட ஒரே வரியாக அடித்துக் கொடுத்தாலும் கம்பைலர் முகம் சுளிக்காமல் விழுங்கிவிடும். வாதி, பிரதிவாதி, சாட்சி எல்லாருமே மனிதர்கள்தான்.

மூலப்பத்திரம் 1928-ஐச் சேர்ந்தது. ஐபிஎம் தன் துளை அட்டைக்கு 80 நெடுவரிசை என்று அளந்தது. அட்டை மியூசியத்துக்குப் போய்விட்டது, 80 மட்டும் போக மறுத்துவிட்டது. பிறகு வந்த ஃபோர்ட்ரான் மொழி இதில் பட்டா பிரித்தே கொடுத்தது: முதல் ஐந்து இடம் எண்ணுக்கு, ஆறாவது தொடர்ச்சிக் குறிக்கு, ஏழிலிருந்து 72 வரை புரோகிராமுக்கு. மிச்சம் எட்டு இடத்தில் அட்டையின் வரிசை எண்ணைப் போட்டுக்கொள்ளலாம். கட்டு கைதவறிக் கீழே விழுந்தால் அடுக்க உதவும். அது சர்வாதிகாரம்தான். ஆனாலும் அன்று யாரும் யாரோடும் சண்டை போடவில்லை.

சி மொழி வந்து சுதந்திரம் கொடுத்தது. அதோடு நிம்மதி போயிற்று. 1978-ல் பிரையன் கெர்னிகனும் டென்னிஸ் ரிச்சியும் எழுதிய புத்தகத்தில், 'இஃப்' போட்டால் திறக்கும் அடைப்புக்குறி அதே வரியில் நிற்கும். ஃபங்ஷன் என்றால் அடுத்த வரிக்கு இறங்கிவிடும். ஒரே புத்தகத்தில் ஏன் இரண்டு சட்டம் என்று கேட்டால், ஃபங்ஷன் தனிச்சிறப்பு உடையது என்று சீடர்கள் இன்றும் பதில் சொல்வார்கள். செண்ட்மெயில் எழுதிய எரிக் ஆல்மன், எந்த அடைப்புக்குறிக்கும் தனி வரி என்றார். கட்டற்ற மென்பொருள் செய்யும் ஜிஎன்யு கூட்டம் தனி வரியும் கொடுத்து, இரண்டு ஸ்பேஸ் உள்ளே தள்ளியும் வைத்தது.

இதைப் பார்த்து லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸுக்கு வந்த கோபம் லினக்ஸ் கெர்னலின் எழுத்துநடை ஆவணத்தில் அப்படியே இருக்கிறது. ஜிஎன்யு விதிகளை அச்சடியுங்கள், படிக்காதீர்கள், கொளுத்துங்கள் என்பதுதான் அதன் தொடக்க உபதேசம். டேப் என்றால் எட்டு. நாலாகக் குறைக்கப் பார்ப்பவர்கள் மதவிரோதிகள். 'பை'யின் மதிப்பு 3 என்று சட்டம் போடுவதும் அதுவும் ஒன்றுதான். எட்டு எட்டாக நகர்ந்தால் திரையில் இடம் போதாதே என்றால், மூன்று படிக்கு மேல் போவது உன் புரோகிராமின் கோளாறு, போய்த் திருத்து என்கிறார்.

டேபுக்கு இதைவிட உருக்கமான கதை ஒன்று உண்டு. 1976-ல் பெல் லேப்ஸில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் புரோகிராம்களைத் தொகுக்க 'மேக்' என்ற கருவியை எழுதினார். அதில் கட்டளை வரி ஒவ்வொன்றும் டேபில்தான் தொடங்க வேண்டும். மாற்றியிருக்கலாம். ஆனால் சில வாரத்துக்குள் சுமார் ஒரு டஜன் பேர், பெரும்பாலும் நண்பர்கள், அதைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள். அவர்களுக்குத் தொந்தரவு வேண்டாமே என்று விட்டுவிட்டார். அந்த டஜன் பேர் மனம் கோணாமலிருக்க, டேபுக்குப் பதில் ஸ்பேஸ் அடித்துவிட்டு மண்டையை உடைத்துக்கொண்டவர்கள் கணக்கில் அடங்க மாட்டார்கள். 2003-ல் கம்ப்யூட்டர் துறையினரின் சங்கமான ஏசிஎம் அவருக்கு மேக்குக்காக விருது கொடுத்தது. டேபுக்காக இருக்காது.

அடுத்த கூத்து எடிட்டர்களால் வந்தது. அவரவர் செட்டிங் அவரவர் மெஷினில். ஒருவர் ஃபைலைத் திறந்து ஒரு வரி திருத்திச் சேமித்தால், அவருடைய எடிட்டர் புண்ணியத்தில் ஃபைல் முழுக்க மாறியதாகக் காட்டும். அடுத்தவர் திறந்தால் எல்லாம் பழையபடி திரும்பும். பரிகாரமாக ஃபைலின் தலையில் ஈமாக்ஸுக்கு ஒரு நோட்டீஸ், காலில் விம்முக்கு ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். 2019-ல் தெரிந்தது, அந்த விம் நோட்டீஸ் வழியாக உங்கள் மெஷினில் எந்தக் கட்டளையையும் ஓட்ட முடிந்திருக்கிறது. ஸ்பேஸ் எத்தனை என்று சொல்ல வந்த வரி வீட்டுச் சாவியையே வாங்கிக்கொண்டது.

சிரிக்க முடியாத சாட்சியும் உண்டு. ஆப்பிளின் பாதுகாப்புக் கோடில் 'கோட்டு ஃபெயில்' (மிச்சத்தை விட்டுக் கடைசிக்குத் தாவு) என்ற வரி தவறுதலாக இரண்டு முறை விழுந்திருந்தது 2014-ல் தெரிந்தது. இரண்டாவது வரி, நிபந்தனைக்குள் இருப்பதுபோல உள்ளே தள்ளி நல்ல பிள்ளையாக நின்றது. உண்மையில் அது வெளியே இருந்தது. அதனால் சர்வரின் கையொப்பத்தைச் சரிபார்க்கும் முக்கியப் பகுதி நடக்கவே இல்லை. கோடைத் தானே அடுக்கித் தரும் ஒரு ஃபார்மேட்டர் ஓடியிருந்தால் அந்த வரியைப் பிடித்து ஒரு படி இடதுபக்கம் இழுத்திருக்கும்.

தீர்ப்பு 2009-ல் வந்தது. கோ மொழியோடு வந்த 'கோஃபம்ட்' என்ற ஃபார்மேட்டரில், அதை எழுதிய ராபர்ட் கிரீஸ்மர் நடையை மாற்ற ஏறக்குறைய வழியே வைக்கவில்லை. அது டேப் என்றால் டேப். அந்த நடை யாருக்கும் பிடித்ததில்லை, அந்தக் கருவி எல்லாருக்கும் பிடிக்கும் என்று அந்த மொழியை உருவாக்கியவர்களில் ஒருவரான ராப் பைக் பழமொழியே சொல்லிவைத்தார். என் கணக்கில் இந்தத் துறை செய்த நல்ல காரியங்களில் இது ஒன்று: நியாயம் யார் பக்கம் என்று பார்க்காமல், மேல்முறையீட்டை ஒழித்தார்கள். அதைக் கண்டும் சி மொழிக்கு வந்த கிளாங்-ஃபார்மேட் நூற்றுக்கு மேல் ஆப்ஷன் வைத்தது. கேட்ட கட்சிக்கெல்லாம் கொடி தைத்துக் கொடுத்தார்கள். ஜாவாஸ்கிரிப்டுக்கு 2017-ல் வந்த பிரிட்டியர் கொஞ்சம்தான் ஆப்ஷன் கொடுத்தது, கொடுத்ததற்கும் வருத்தம் தெரிவித்தது. பைத்தானுக்கு 2018-ல் வந்த பிளாக், சமரசமே கிடையாது என்று பெயர்ப்பலகை மாட்டிக்கொண்டு, வரிக்கு 80-ம் இல்லாமல் 100-ம் இல்லாமல் 88 என்றது.

கெர்னல் கூட 2018-ல் ஒரு கிளாங்-ஃபார்மேட் ஃபைலை வைத்துக்கொண்டது. டேப், எட்டுதான்.

உங்கள் ஆபீஸில் இன்னும் வாய்தா ஓடுகிறதென்றால் சொல்கிறேன். செட்டிங் ஃபைல் ரெப்போவுக்குள் இருக்கட்டும், யாருடைய லேப்டாப்பிலும் வேண்டாம். ஃபார்மேட்டரின் வெர்ஷனையும் பூட்டுங்கள். 2023-ல் பிரிட்டியர் 3 கடைசிக் கமாவின் வழக்கத்தை மாற்றியபோது, பூட்டாதவர்களுக்கு மறுபடி ஃபைல் ஃபைலாக மாறிற்று. பழைய கோடு முழுவதையும் ஃபார்மேட் செய்யும் கமிட்டில் வேறு எதையும் கலக்காதீர்கள். கடைசியாக, அந்தக் கமிட்டின் எண்ணை, எந்த வரியை யார் எழுதினார் என்று காட்டும் கிட் பிளேம் கண்டுகொள்ளாமல் விட வேண்டிய பட்டியலில் போடுங்கள். 2019-ல் வந்த கிட் 2.23-லிருந்து இந்த வசதி இருக்கிறது. போடாவிட்டால், பத்து வருடத்தில் எவரெவரோ எழுதிய அத்தனை பிழைக்கும் கிட் உங்கள் பெயரைத்தான் காட்டும்.