முத்துப்பாரும் மூலநிரலும்

கேள்வி: திறந்த மூல மென்பொருளைக் கற்பிக்கத் தரவுப் பகுப்பாய்வு எதற்கு? நிரல் எழுதத் தெரிந்தால் போதாதா?

பதில்: போதாது. திறந்த மூலத்தில் நிரலோடு, அதை எழுதியவர்களின் உழைப்புக் கணக்கும் திறந்தே கிடக்கிறது. 2005-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய கிட், ஒவ்வொரு மாற்றத்தையும் செய்தவர் பெயர், நேரம், காரணக் குறிப்போடு சேமிக்கிறது. 'கிட் ஷார்ட்லாக்' என்ற ஒரே கட்டளை, பங்களித்தவர்களை வரிசைப்படுத்திவிடும்.

1961 வரை முத்துக்குளிப்பு நடந்த தூத்துக்குடிக் கடலில், முத்துச் சிப்பிகள் வளரும் கடலடித் திட்டான பாரிலிருந்து மாதிரிச் சிப்பிகளை எடுத்து முத்துகளை மதிப்பிட்ட பிறகே குளிப்பு அறிவிக்கப்படும். புதிய திறந்த மூலத் திட்டத்தில் இறங்கும் மாணவருக்கும் அதேபோன்ற முன்சோதனை உண்டு. புதியவரின் திருத்தத்துக்கு எத்தனை நாளில் பதில் வருகிறது? ஒருவர் விலகினால் வேலை நின்றுவிடுமா? இரண்டாவது கேள்விதான் முக்கியம். பெரிய பெயருள்ள திட்டங்களும் ஓரிருவர் தோளில் நிற்பது இதில்தான் தெரியவரும்.

எண்களை அப்படியே நம்பிவிடக் கூடாது. தன் பெயரை இரண்டு விதமாக எழுதியவர் ஷார்ட்லாக் பட்டியலில் இருவராக நிற்பார். பிழையைக் கண்டுபிடித்துச் சொன்னவரும், புதியவருக்குப் பொறுமையாக வழிகாட்டியவரும் அதில் இல்லாமலே போகலாம். இந்த விடுபடல்களைத் தேடவைப்பதே நல்ல ஆசிரியரின் வேலை.

தமிழில் தொடங்க, 2003 முதல் வளரும் தமிழ் விக்கிப்பீடியா அருமையான களம். மென்பொருள் இல்லையென்றாலும், கூட்டுழைப்பின் தடம் அங்கும் அதேபோல் பதிவாகிறது. 'தூத்துக்குடி' கட்டுரையின் திருத்த வரலாற்றை எடுத்து, தானியங்கிகளின் திருத்தங்களை முதலில் பிரித்து, பிறகு மனிதர்களை எண்ணலாம்.