ஸ்டாண்ட்-அப் கூட்டத்தில் முழங்காலின் பங்கு: செம்பூர் மூன்றாம் மாடியிலிருந்து ஓர் ஆய்வு

முழங்கால் நோவே கூட்டத்து எல்லை.

இச்சூத்திரம் என்னுதலிற்றோவெனின், அஜைல் என்னும் மென்பொருள் வேலைமுறையில் தினமும் கூடும் ஸ்டாண்ட்-அப் கூட்டம் எப்போது முடியும் என்பது உணர்த்துதல் நுதலிற்று. மேலாளரின் கருணையை விலக்கினமையின் 'நோவே' என்பதன் ஏகாரம் பிரிநிலை. சூத்திரமும் நமது, உரையும் நமது.

2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஸ்னோபேர்டு என்ற பனிச்சறுக்கு விடுதியில் 17 மென்பொருள்காரர்கள் கூடி அஜைல் அறிக்கையை எழுதினார்கள். அதன் 12 கோட்பாடுகளில் ஒன்று, குழுவுக்குள் சேதி சொல்ல நேரில் பேசுவதே சிறந்த வழி என்கிறது. அதை எழுதவே 17 பேரும் மலையேறிப் போனார்கள் என்பதைக் கவனிக்க. அந்த அறிக்கையைத்தான் நாங்கள் பெங்களூரில் இருவர், புனேயில் ஒருவர், கோயம்புத்தூர் மாமியார் வீட்டில் ஒருவர், மும்பை செம்பூரில் நான் என்று சிதறிக் கிடந்து பின்பற்றுகிறோம்.

ஸ்டாண்ட்-அப்புக்கு 15 நிமிடம் கணக்கு. நேற்று என்ன செய்தாய், இன்று என்ன செய்யப்போகிறாய், எது தடுக்கிறது (எங்கள் மொழியில் ப்ளாக்கர்): கேள்வி மூன்றுதான். நின்றுகொண்டு பேசினால் கால் வலிக்கும். வலித்தால் பேச்சு சுருங்கும். முறையின் உயிர் அந்த வலியில் இருக்கிறது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் கூட்டம் இணையத்தில் ஏறியது. முழங்கால் ஏறவில்லை. கேமரா மார்புக்கு மேல்தான் காட்டும். எங்கள் கூட்டம் இப்போது முக்கால் மணி நேரம்.

எழுந்து நின்றுதான் பார்ப்போமே என்று களத்தில் இறங்கினேன். (ஆய்வு மாதிரி: நான் ஒருவன்.) லேப்டாப்பை ஃப்ரிட்ஜ் மேல் வைத்தால் நெற்றி மட்டும் தெரிந்தது. இஸ்திரி மேசைக்கு மாற்றினேன். மேலே தேய்த்த சட்டை, கீழே மடித்துக் கட்டிய கட்டம் போட்ட லுங்கி. புனேக்காரர் மியூட்டை எடுத்துவிட்டுச் சிரித்தார். வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்கள் நிற்காததற்கு மூலகாரணம் லுங்கியே என்பது இவ்வாறு நிறுவப்பட்டது.

மும்பையில் அஜைலுக்கு முன்மாதிரி தேடினால், சாப்பாட்டு டப்பா சுமக்கும் டப்பாவாலாக்களைச் சொல்வார்கள். 2010-லேயே ஹார்வர்டு அவர்களைப் பாடமாக்கிவிட்டது, நமக்கு மிச்சமில்லை. தவிர, அவர்களுடைய மேன்மையே மாறாமையில் இருக்கிறது. அதே வீடு, அதே ரயில், மூடியில் அதே குறி. அஜைல் அறிக்கையோ திட்டத்தைக் கட்டிக்கொண்டு அழுவதைவிட மாற்றத்துக்கு வளைவதே மேல் என்கிறது.

சொல்லாராய்ச்சிக்கு வருவோம். தமிழில் ஸ்டாண்ட் என்பது சைக்கிளுக்கு உரியது. அதைப் 'போட' வேண்டும். தாராவியிலிருந்து இட்லி கொண்டுவரும் அண்ணாச்சி எங்கள் கேட் முன்னால் தினமும் போடுகிறார். கேரியரில் அலுமினியப் பானை, உள்ளே ஈரத்துணி. ஹேண்டில்பாரில் சாம்பார் தூக்கு ஒருபுறம், சட்னித் தூக்கு மறுபுறம், நடுவில் ரப்பர் ஹாரன். ஒரே அறையில் தங்கும் ஐந்தாறு பேர் மாலையில் அரைத்த மாவு, ராத்திரி பொங்கி, விடியுமுன் வெந்து, ஆளுக்கொரு லைனாகப் பிரிகிறது. ஒருவர் மாட்டுங்கா, ஒருவர் வடாலா. அண்ணாச்சிக்கு சயான், சுன்னாபட்டி வழியாகச் செம்பூர். மதியம்வரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. ஸ்பிரிண்ட் என்னும் எங்கள் வேலைச் சுற்று இரண்டு வாரம், அதையும் நீட்டுவோம். அவர்களுடையது ஒரு ராத்திரி. புளித்த மாவை அடுத்த ஸ்பிரிண்டுக்குத் தள்ளச் சொல்லுங்கள் பார்க்கலாம்.

போன ஜூலையில் ஒருநாள் நல்ல மழை. எங்கள் கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போதுதான் ஹாரன் கேட்டது. கேமராவை அணைத்துவிட்டுக் கீழே இறங்கினேன்.

"என்ன அண்ணாச்சி, லேட்டு?"

"காந்தி மார்க்கெட்ல முட்டளவு தண்ணி தம்பி. மாட்டுங்கா போறவன் மாட்டிக்கிட்டான். போன் பண்ணி வடாலாவுக்குத் திரும்பச் சொல்லியாச்சு, ரெண்டு பேரும் பாதிப் பாதி வித்துக்கிடட்டும். நேத்து சாம்பார்ல உப்பு கூடன்னு அக்கா சொன்னாவல்லா, இன்னைக்குக் கொறச்சிருக்கு. எத்தன வைக்க?"

நேற்று, இன்று, தடை: மூன்றுக்கும் பதில் வந்துவிட்டது. தடை தீர்ந்த விதமும் வந்துவிட்டது. இங்கும் அளவுகோல் முழங்காலே என்பதை நோக்குக. நான் நான்கு இட்லி என்று சொல்லி, அவர் கட்டித் தருவதற்குள் கூட்டம் முடிந்தது. ஸ்டாண்டைத் தட்டிவிட்டுக் கிளம்பினார்.

மேலே வந்தேன். கோயம்புத்தூர்க்காரர் நான் போகும்போது விளக்கிய அதே டிக்கெட்டைத்தான் இன்னும் விளக்கிக்கொண்டிருந்தார். என் முறை வந்தது. "ஏதாவது ப்ளாக்கர் உண்டா?" என்று கூட்டத்தை நடத்தும் ஸ்க்ரம் மாஸ்டர் கேட்டார். வாய் நிறைய இட்லி. பேச முடியாமல் தலையை ஆட்டினேன். உண்டு என்று குறித்துக்கொண்டு, அதைப் பற்றி விவாதிக்க மறுநாள் தனியாக அரை மணி நேரக் கூட்டம் போட்டுவிட்டார்.