ஆறாம் மாடித் துப்பறிவாளன்: ரோமாபுரிக் குற்றப்புனைவு குறித்து ஓர் ஆய்வு

கொலை எத்தனை மணிக்கு நடந்தது? துப்பறியும் கதைக்கு உயிரான இந்தக் கேள்வி ரோமாபுரியில் செல்லாது. அங்கே சூரியன் எழுந்து விழும்வரையுள்ள பகலைப் பன்னிரண்டாகக் கூறுபோட்டால் வருவதே ஒரு மணி. கோடையில் அது நம் கணக்குக்குச் சுமார் 75 நிமிடம், குளிர்காலத்தில் 45. ஆகவே "ஒரு மணி நேரம் குளித்துக்கொண்டிருந்தேன்" என்று சாதிக்கும் ஆசாமிக்குக் குளிர்காலத்தைவிடக் கோடையில் அரை மணி இனாம். கொலைக்கு உகந்த பருவம் கோடையே என்பது இவ்வாய்வின் முதல் முடிபு.

துப்பறியவும் ஆளில்லை. கி.பி. 6இல் அகஸ்டஸ் அமைத்த 'விஜிலெஸ்' காவலருக்கு இரவு ரோந்தோடு தீயணைப்பதே முதல் வேலை. வாளியும் கையுமாக அலைந்தவர்களிடம் தடயம் கேட்பது அநியாயம்.

இந்தக் காலியிடத்தில்தான் நாவலாசிரியர்கள் குடியேறினார்கள். ஸ்டீவன் சேய்லர் 1991இல் வெளிவந்த 'ரோமன் பிளட்'டில், கி.மு. 80இல் சிசரோ மெய்யாகவே வாதாடிய தந்தைக்கொலை வழக்கைத் தம் துப்பறிவாளர் கோர்டியானஸிடம் ஒப்படைத்தார். அவருக்கு முன்பே, 1989இல், லிண்ட்சி டேவிஸ் 'தி சில்வர் பிக்ஸ்' நாவலில் தம் துப்பறிவாளன் ஃபால்கோவை அவென்டைன் குன்றில், சலவைக்கடைக்கு மேலே, ஆறாம் மாடியில் குடிவைத்துவிட்டார்.

முகவரியைக் கவனிக்க வேண்டும். ரோமாபுரி அடுக்குமாடிகளில் மேலே போகப்போக வாடகை குறையும். தண்ணீரோ தோளில்தான் ஏறும். கீழே துணி வெளுக்கச் சிறுநீர். அதற்கும் வரி போட்ட வெஸ்பாசியன்தான் ஃபால்கோ காலத்துச் சக்கரவர்த்தி. வழக்கோடு வருகிறவர் வாசலில் மூக்கைப் பிடிப்பார். நாலாம் மாடியில் சுவரைப் பிடிப்பார். ஆறாம் மாடியில் பொய் சோடிக்க மூச்சு மிஞ்சாது. உண்மையறியும் கருவி இல்லாத குறையைப் படிக்கட்டு தீர்த்துவைத்தது என்பதே இவ்வாய்வின் பிரதானக் கருதுகோள். கொலையாளி யாரென்பது மறந்துபோன பின்னும் வாசகர் மனத்தில் அந்த மாடிப்படி நிற்பதற்கு வேறு காரணம் தென்படவில்லை.

ரோமாபுரியில் தடயவியலே இல்லையா எனக் கேட்போர் உளர். உண்டு. சீசரின் உடலைப் பார்த்த மருத்துவர் அன்டிஸ்டியஸ், 23 காயங்களில் உயிரைக் குடித்தது ஒன்றே என்று கண்டு சொன்னார். ஆனால் அந்த வழக்கில் குற்றவாளிகள் யார் என்பது ஊருக்கே தெரிந்திருந்தது.

ஃபால்கோ தொடர் மொத்தம் 20 நாவல்கள். அந்த மாடிக்கு எத்தனை படிகள் என்று யாரேனும் எண்ணி வைத்திருந்தால் எழுதியனுப்பவும். ஆய்வு அந்த இடத்தில்தான் மூச்சுவாங்கி நிற்கிறது.