42 லட்சத்துக்கு எலிஜிபிள்

"நீங்க 42 லட்சத்துக்கு எலிஜிபிள் சார்" என்றார் வங்கி அதிகாரி. சென்னை காலடிப்பேட்டையில் பிறந்து வளர்ந்த என்னை அதுவரை யாரும் அந்த அளவுக்கு மதித்ததில்லை. டீ வேறு கொடுத்தார்கள்.

கையில் வரும் சம்பளத்தில் கிட்டத்தட்டப் பாதியைத் தவணைக்கு ஒதுக்கலாம் என்பது அவர்கள் கணக்கு. பையனின் ஸ்கூல் ஃபீஸ், அம்மாவின் சுகர் மாத்திரை, கரண்ட் பில், ஞாயிற்றுக்கிழமை மீன் எல்லாம் மீதிப் பாதிக்குள் அடங்கிவிடுமாம். காசிமேட்டில் வஞ்சிரம் விலை கேட்டவர் யாரும் அந்த ஃபார்முலாவை எழுதியிருக்க மாட்டார்.

புரோக்கர் கதை தனி. 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ ஓடத் தொடங்கி, நம்மூருக்கும் ஒரு ஸ்டேஷன் வந்தபின் அவரிடம் உள்ள எல்லா ஃபிளாட்டும் 'மெட்ரோவுக்கு நடந்து போற தூரம்'. யார் நடந்தால் என்பதைச் சொல்வதில்லை. 1717-ல் மதராஸ் கவர்னரான ஜோசப் காலட் நெசவாளர்களைக் குடியமர்த்திய ஊர் இது. அவர்களிடம் மூன்று மாத சம்பள ஸ்லிப் கேட்டதாகத் தெரியவில்லை. பக்கத்தில் திருவொற்றியூர்க் கடற்கரையில் பட்டினத்தார் சமாதி இருக்கிறது. பெரிய வணிகர், எந்த வங்கியும் ஓடிவந்து கொடுத்திருக்கும். மனுஷன் எல்லாவற்றையும் உதறிவிட்டுப் போனார்.

எனக்கு உதறுவதற்கும் ஒன்றும் இல்லாததால் வீடு தேடினேன். 2022 மே 3 அட்சய திருதியை. அன்று தொட்டதெல்லாம் பெருகும் என்பார்கள். மறுநாளே ரிசர்வ் வங்கி திடீர்க் கூட்டம் போட்டு வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் கடனுக்கான ரெப்போ வட்டியை 4 சதவீதத்திலிருந்து 4.40 ஆக்கியது. அதன்பின் ஒவ்வொரு கூட்டத்திலும் ஏற்றி, 2023 பிப்ரவரியில் 6.50-ல் கொண்டுவந்து நிறுத்தியது. 2019 அக்டோபருக்குப் பிறகு வங்கிகள் தரும் ஃபுளோட்டிங் வீட்டுக் கடன்கள் பெரும்பாலும் ரெப்போவோடு முடிச்சுப் போட்டவை. ஆகவே மும்பையில் ரிசர்வ் வங்கி கவர்னர் மைக் முன் உட்கார்ந்தால் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் பலருக்கு வயிற்றைப் பிசையும்.

என் மனைவி ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டாள். 30 லட்சம், 20 வருஷம், 6.75 சதவீதம் என்றால் மாதம் 22,800. இரண்டரை கூட்டி 9.25 என்றால் 27,500.

"தவணையை ஏத்தமாட்டாங்க, வருஷத்தைத்தான் நீட்டுவாங்க" என்றேன், விஷயம் தெரிந்தவன் போல.

"9.25-ல 30 லட்சத்துக்கு ஒரு மாச வட்டியே 23,125 வருதுங்க. நாம கட்டுறது 22,800. அப்போ கட்டக் கட்டக் கடன் ஏறுமா?"

ஏறும். தவணை வட்டிக்கே போதாத நிலை வரக்கூடாது, தவணையைக் கூட்டுவதா காலத்தை நீட்டுவதா என்று கடன் வாங்கியவரைக் கேட்க வேண்டும் என ரிசர்வ் வங்கியே 2023 ஆகஸ்டில் உத்தரவு போட்டது. என் மனைவி முந்திக்கொண்டாள்.

அடுத்து அவள் வைத்தாள் பரீட்சை. "27,500-ல வாடகை 11,000 போக மீதியைத் தனி அக்கவுண்ட்ல போட்டுட்டே வாங்க. தாக்குப்பிடிச்சா வீடு பார்க்கலாம்." ஒரு மாதம் போட்டேன். அடுத்து மச்சினியின் மகளுக்கு மஞ்சள் நீராட்டு. தாய்மாமன் சீரில் எங்கள் பங்கும் உண்டாம். அதற்கடுத்து பைக் இன்ஜின் காலை வாரியது. கடைசியில் வாடகையையும் சேர்த்து மாதம் 20,000 வரைதான் நிம்மதியாகத் தாங்கும் என்று தெரிந்தது. 9.25-ல் அதற்குக் கிடைப்பது 22 லட்சத்துக்குள். வங்கி கொடுத்த மதிப்பில் பாதிதான் நான். அந்தத் தொகைக்கு லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி ஒன்று அகப்பட்டது. மெட்ரோவுக்கு ஷேர் ஆட்டோவில் போகிறோம்.

வீடு பார்க்கக் கிளம்புகிறவர்கள் இன்றைய வட்டியோடு இரண்டரை சதவீதம் கூட்டிக் கணக்குப் பாருங்கள். அன்று அவ்வளவும் ஏற 9 மாதம்தான் ஆனது. முதல் கால் சதவீதம் இறங்க 2025 பிப்ரவரி வரை காத்திருந்தோம்.