போச்சா?

எங்கள் வீட்டில் ஒரே ஒரு பாத்ரூம். அதற்குள் நான் போய் நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. கல்லூரிப் பேருந்தைப் பிடிக்க வேண்டிய மகள் கதவைத் தட்டினாள். "அப்பா, உள்ள உயிரோடதானே இருக்கீங்க?"

உயிரோடுதான் இருந்தேன். 'கக்கூஸ்' என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று செல்போனில் படித்துக்கொண்டிருந்தேன். டச்சுச் சொல்லாம். பழவேற்காட்டுக்கும் நாகப்பட்டினத்துக்கும் தூத்துக்குடிக்கும் வியாபாரம் செய்ய வந்தவர்கள், கல்லறைகளை விட்டுவிட்டு, இந்தச் சொல்லையும் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். எதையும் விட முடியாமல் உட்கார்ந்திருந்தது நான் ஒருவன்தான்.

கீட்டோ உணவுமுறை தொடங்கி அன்றைக்குப் பதினோராவது நாள். கடைசியாக 'போனது' ஏழாவது நாள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், வெளியுலகில் நான் அப்போது ஒரு வெற்றி வீரன். 94 கிலோவில் ஆரம்பித்துப் பத்தே நாளில் 89.5க்கு வந்திருந்தேன். பேன்ட் தளர்ந்தது. பெல்ட்டில் ஆணி வைத்துப் புதுத் துளை போட்டேன், அதையும் படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அலுவலகத்தில் பிரசங்கம் வேறு. "1921லயே அமெரிக்காவில மேயோ கிளினிக்ல ரஸ்ஸல் வைல்டர்னு ஒரு டாக்டர் பேர் வச்ச சமாச்சாரம்ங்க இது. வலிப்பு நோய்க்காகக் கொண்டுவந்தாங்க. மாவுச்சத்தைக் குறைச்சா உடம்பு கொழுப்பை எரிக்கும்." எதிரே தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்த கேஷியர் நிதானமாகக் கேட்டார்: "வலிப்பு சரி சார். நீங்க ஏன் ரெண்டு நாளா நாற்காலி நுனியிலேயே உட்கார்றீங்க?"

தினமும் காலை ஆறரைக்குத் திருநெல்வேலிப் பக்கத்து ஊரிலிருந்து அம்மா போன் செய்வாள். அவளுக்கு என் எடை, என் பதவி உயர்வு, மகளின் செமஸ்டர் எதுவும் முக்கியமில்லை. ஒரே கேள்விதான். "எய்யா, வெளிக்கிப் போனியா?" நாற்பத்தெட்டு வயதாகிறது, தலையில் பாதி நரைத்துவிட்டது, இந்தக் கேள்விக்கு மட்டும் நான் ஒன்றாம் வகுப்பு. "போனேம்மா" என்பேன். ஸ்பீக்கரில் பேசினால் மனைவி திரும்பிப் பார்ப்பாள். அதனால் ஸ்பீக்கரை நிறுத்திவிட்டுப் பொய் சொல்லப் பழகினேன்.

குற்றம் கீட்டோவுடையது என்று பழி போட ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் நண்பர் எனக்குத் தந்த உணவுப் பட்டியல் ஒழுங்கான பட்டியல். அதில் ஆட்டிறைச்சி இருந்தது, முட்டை இருந்தது, பன்னீர், நெய், வெண்ணெய் டீ எல்லாம் இருந்தன. கூடவே 'இரண்டு கப் கீரை அல்லது காய்', 'மூன்று லிட்டர் தண்ணீர்', 'எலுமிச்சைச் சாறு உப்புப் போட்டு' என்ற வரிகளும் இருந்தன. அந்த வரிகளை நான் படத்துக்கு நடுவே வரும் விளம்பரம் மாதிரித் தாண்டிப் போய்விட்டேன். காலையில் 100 பாதாம் என்று எழுதியிருந்தது. கடையில் விலை கேட்டதும் அதை மனத்துக்குள்ளேயே 20 என்று திருத்திக்கொண்டேன். 100 பாதாமில் ஏறக்குறைய 15 கிராம் நார்ச்சத்து இருக்கிறதாம். ஒரு நாளைக்கு வேண்டியதில் பாதி. கஞ்சத்தனத்தால் அதில் ஐந்தில் நான்கு பங்கை கடைக்காரரிடமே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

தண்ணீர் குடிக்காததற்கும் ஒரு காரணம் வைத்திருந்தேன். அலுவலகத்தில் கழிப்பறை மேல்மாடியில். மூன்று லிட்டர் குடித்தால் எத்தனை முறை படியேற வேண்டும்? எடையைக் குறைக்கக் கிளம்பிய மனிதன் இப்படி யோசித்தான் என்பதை யாரிடமும் சொல்லவில்லை. இங்கே எழுதுவதோடு சரி.

பன்னிரண்டாம் நாள் மருந்துக்கடையில் இசப்கோல் வாங்கினேன். அந்தப் பேருக்குப் பாரசீகத்தில் 'குதிரைக் காது' என்று பொருளாம். விதையின் வடிவத்தைப் பார்த்து வைத்த பேர். இதையும் உள்ளே உட்கார்ந்துதான் படித்தேன். அங்கே பெற்ற கல்விக்குக் குறைவில்லை. இரவு ஒரு தம்ளர் தண்ணீரில் இரண்டு ஸ்பூன் உமியைக் கலக்கும் நேரத்தில் மேலாளரின் போன். காலாண்டுக் கணக்கைப் பற்றிப் பத்து நிமிடம் பேசிவிட்டு வந்தால் தம்ளரைக் கவிழ்த்தாலும் விழவில்லை. காசு கொடுத்து வாங்கியதாயிற்றே என்று அதை ஸ்பூனால் வெட்டி வெட்டிப் பாயசம் போலச் சாப்பிட்டேன். பிறகு இன்னொரு தம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று டப்பாவில் தெளிவாகப் போட்டிருந்தது. இரவில் எழுந்திருக்க வேண்டுமே என்று விட்டுவிட்டேன். அந்த உமியின் வேலையே தண்ணீரை இழுத்து உப்புவதுதான். தண்ணீர் கொடுக்காவிட்டால் அது உள்ளே போய்ச் சுவர் எழுப்பும். எனக்கு எழுப்பியது.

அம்மாவிடம் கேட்டிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். எங்கள் பக்கத்தில் முழுப் பரீட்சை லீவு விட்டால் மாம்பழத்துக்கு முன்னால் வருவது விளக்கெண்ணெய். வரிசையாக உட்கார வைத்து, மூக்கைப் பிடித்து ஊற்றுவார்கள். சாயங்காலம் ரசம் சாதம். அது மட்டுமா? நிலாவாரை எங்கள் சீமைப் பயிர். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்து வறண்ட காடுகளில் விளைந்து, மூட்டை மூட்டையாகக் கப்பலேறி, வெளிநாட்டு மருந்து நூல்களில் 'டின்னவெல்லி சென்னா' என்று எங்கள் ஊர்ப் பெயரோடு நிற்கும் இலை. உலகத்துக்கே வயிறு இளக வைக்கும் மண்ணில் பிறந்தவன், சென்னையில் மருந்துக்கடை வாசலில் நின்று, பக்கத்தில் இருக்கும் பெண்மணி நகரட்டும் என்று இருமலுக்கு மிட்டாய் வாங்கிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் வாங்கினேன். சென்னா மாத்திரை. சனிக்கிழமை இரவு 11 மணிக்கு இரண்டு போட்டேன். ஞாயிறு காலை 7 மணி. ஒன்றுமில்லை. பெருங்குடலுக்குப் போய்ச் சேர்ந்து அங்குள்ள நுண்ணுயிர்கள் பிரித்த பிறகுதான் அது வேலை செய்யும், 6 மணி நேரத்திலிருந்து 12 மணி நேரம்வரைகூட ஆகலாம் என்று அட்டைப் பெட்டிக்குள் மடித்து வைத்த காகிதத்தில் இருந்தது. அந்தக் காகிதத்தில்தான் நான் மாத்திரையை மடித்து வைத்திருந்தேன், படிக்கவில்லை. பொறுமை போய், பூஜை அலமாரிக்குப் பக்கத்திலிருந்த விளக்கெண்ணெயில் இரண்டு ஸ்பூன் எடுத்து விழுங்கினேன். அது இரண்டு மணி நேரத்திலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வேலையைக் காட்டும். கூட்டிப் பாருங்கள். இரவு 11 மணிக்குப் புறப்பட்ட வண்டியும் காலை 7 மணிக்குப் புறப்பட்ட வண்டியும் ஒரே தண்டவாளத்தில் ஏறக்குறைய பத்து மணிக்குச் சந்திக்கும்.

பத்து மணிக்கு நான் நிஜமாகவே ரயிலில் இருந்தேன். மைத்துனன் வீட்டுப் புதுமனை புகுவிழா, செங்கல்பட்டில். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினோம். மனைவி பட்டுப்புடவையில், கையில் வெற்றிலை பாக்குத் தட்டு. பெருங்களத்தூரில் வயிற்றுக்குள் யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். வண்டலூரில் மேசையை நகர்த்தினார்கள். ஊரப்பாக்கம் தாண்டும்போது வீட்டையே காலி செய்ய முடிவெடுத்துவிட்டார்கள். மின்சார ரயிலில் கழிப்பறை கிடையாது. எத்தனையோ வருடமாக ஏறி இறங்கியிருக்கிறேன், இதை ஒரு குறையாக நினைத்ததே இல்லை.

"என்னங்க, வேர்க்குது உங்களுக்கு?"

"நீ போ. அடுத்த வண்டியில வரேன்."

"தட்டு உங்ககிட்ட இருக்கட்டுமா?"

தட்டா! அடுத்த ஸ்டேஷனில் இறங்கினேன். எந்த ஸ்டேஷன் என்று சொல்ல மாட்டேன், அந்த ஊர்க்காரர்கள் என் பத்தியைப் படிக்கக்கூடும். வெளியே பூ கட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மாள் என் முகத்தைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. "உள்ள போ, கொல்லையில இருக்கு, தண்ணி தொட்டியில" என்றார். அந்தக் கால, குந்தி உட்காரும் கழிப்பறை. அதற்குமேல் அந்தக் காலை நேரத்தைப் பற்றி எழுதுவது பத்திரிகை தர்மம் ஆகாது. வெளியே வந்து இரண்டு முழம் பூ கேட்டேன். காசு வாங்கிக்கொண்டார். பூவைத் தண்ணீர் தெளித்துக் கொடுத்துவிட்டு, "கீரை சாப்பிடுப்பா" என்றார். அவருக்கு எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை புரியவில்லை. விழாவுக்குப் போய்ச் சேர்ந்தபோது பாலும் பழமும் முடிந்துவிட்டிருந்தன. நான் வாங்கி வந்த பூவைப் பார்த்து மனைவி நெகிழ்ந்துபோனாள். விளக்கம் சொல்லவில்லை.

அப்படியும் திருந்தவில்லை. வயிறு காலியானதால் எடை மேலும் ஒரு கிலோ குறைந்தது, அதையும் குழுவில் போட்டேன். பிறகு நாலு நாள் மறுபடியும் மௌனம். அப்புறம்தான் தெருமுனை டாக்டரம்மா.

"ரத்தம் போகுதா? வயிறு வலியோட உப்பிக்கிட்டு இருக்கா? வாந்தி?" என்று முதலில் கேட்டார். எதுவும் இல்லை என்றதும்தான் முகம் தளர்ந்தது. இருந்திருந்தால் இப்படி உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்க மாட்டேன், நேரே ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பேன் என்றார். இரண்டு பேதி மருந்தை ஒன்றாகப் போட்ட கதையைச் சொன்னதும் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். ஏற்கெனவே உப்பும் தண்ணீரும் வற்றிக் கிடக்கும் உடம்பில் இருப்பதையும் வாரி வெளியே கொட்டியிருக்கிறீர்கள் என்று ஆரம்பித்துக் கொஞ்ச நேரம் பேசினார். அதை அப்படியே எழுதினால் என் மரியாதை குறையும்.

ஏன் வற்றிக் கிடந்தது என்பதை அவர்தான் விளக்கினார். ஈரலும் தசையும் சேர்த்து உடம்பில் அரைக் கிலோ அளவுக்கு மாவுச்சத்தைக் கிளைகோஜனாகச் சேமித்து வைத்திருக்கும். அதில் ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரைக் கட்டிவைத்திருக்கும். சோற்றை நிறுத்தியதும் அந்தச் சேமிப்பு கரைகிறது, கட்டியிருந்த தண்ணீரும் போகிறது. இன்சுலின் குறைவதால் சிறுநீரகம் உப்பையும் கூடவே வெளியே தள்ளுகிறது. உடம்பு தண்ணீருக்குத் தவிக்கும்போது பெருங்குடல் தன்னிடம் வந்ததிலிருந்து கடைசிச் சொட்டுவரை உறிஞ்சிக்கொள்ளும். மிச்சம் இருப்பது செங்கல்.

அதாவது நான் பெல்ட்டில் ஆணியடித்துக் கொண்டாடிய நாலரை கிலோவில் இரண்டு கிலோ வரைக்கும் சேமிப்பும் தண்ணீரும்தான்.

"கீரை சாப்பிடறீங்களா?"

"ஆடு சாப்பிட்டிருக்கும் டாக்டர்."

அவர் சிரிக்கவில்லை. மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு படம் இருந்தது. பிரிஸ்டல் அளவுகோல் என்று பெயர், பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் உருவாக்கி 1997இல் வெளியிட்டது. மலத்தை உருவத்தை வைத்து ஏழு வகையாகப் பிரித்திருக்கிறார்கள். மூன்றும் நான்கும் நல்லவை. உங்களுடையது எது என்று கேட்டார். ஒன்றாம் எண்ணில் விரல் வைத்தேன். தனித்தனியான கெட்டி உருண்டைகள். சாட்சாத் ஆட்டுப் புழுக்கை. இரண்டு வாரம் ஆட்டை மட்டுமே தின்றதற்கு ஆடு தன் பங்கை வாங்கிக்கொண்டது.

பிறகு ஒரு தாளில் நான் தின்பதை எழுதச் சொல்லி, பக்கத்தில் நார்ச்சத்தைக் கிராம் கணக்கில் போட்டுக் கொடுத்தார். முட்டை 0. மட்டன் 0. பன்னீர் 0. நெய் 0. வெண்ணெய் 0. ஒன்பதாம் வகுப்பு அரையாண்டுக் கணக்குத் தாளுக்குப் பிறகு இத்தனை முட்டைகளை ஒரே தாளில் பார்த்ததில்லை. ஒரு பாட்டில் லாக்டுலோஸ் சிரப்பும் எழுதினார். "அதுல சர்க்கரை இருக்குமா டாக்டர்? கார்ப் ஏறிடுமே" என்று கேட்டேன். அது குடலில் செரிக்காத சர்க்கரை, தண்ணீரை இழுத்து வைக்கத்தான் கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு, அடுத்த நோயாளியைக் கூப்பிட மணியை அடித்தார்.

சாப்பாட்டு விஷயம் சுலபமாகத்தான் முடிந்தது, மனைவி கையில் தாளைக் கொடுத்துவிட்டதால். முருங்கைக்கீரை, கொத்தவரங்காய், வெண்டை, முட்டைக்கோஸ், தேங்காய் தாராளமாக. ஆளி விதையை வறுத்துப் பொடித்தாள். நூறு கிராமில் 27 கிராம் நார்ச்சத்து, மாவுச்சத்து மிகக் குறைவு. மோரில் கலக்கிக் குடித்தால் ஈர மரத்தூள் போல இருக்கும், பழகிவிடும். மேல்மாடிக்கு ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை ஏறுகிறேன். கேஷியர் எண்ணிக்கொண்டிருக்கிறார்.

உட்காரும் முறையைத்தான் நானாகக் கண்டுபிடித்தேன், அந்தப் பூக்கார அம்மாள் வீட்டு உபயத்தில். குந்தும்போது வழி நேராகிறது. நாற்காலி மாதிரி உட்கார்ந்தால் வளைந்தே இருக்கிறது. மேற்கத்திய கோப்பை உள்ள வீட்டில் காலுக்கு ஒரு பலகை வைத்து முழங்காலை உயர்த்தினாலே பாதிப் பலன். பரணில் தேடியபோது சரியான உயரத்தில் ஒரு மரப்பலகை கிடைத்தது. மூன்று நாள் சந்தோஷமாகப் பயன்படுத்தினேன். நாலாம் நாள் மனைவி உள்ளே போய்விட்டு வெளியே வந்து, எதுவும் பேசாமல் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். நாங்கள் தாலி கட்டும்போது உட்கார்ந்த மணை அது. இப்போது பிளாஸ்டிக் முக்காலி வாங்கிவிட்டேன். மணை கழுவி, மஞ்சள் பூசி, மறுபடி பரணில் இருக்கிறது. பேச்சுவார்த்தை இரண்டு நாள் கழித்துத் தொடங்கியது.

அந்த வாரத்தின் கடைசியில் ஒரு நாள் காலை, செல்போனைக் கையில் எடுக்கும் முன்பே, ஐந்தே நிமிடத்தில், நான்காம் வகை. வெளியே வந்து நேரே அம்மாவுக்குப் போன் செய்தேன். மணி ஆறே கால். அவள் கூப்பிடுவதற்கு முன்னால் நான் கூப்பிட்டது அன்றைக்குத்தான்.

"அம்மா, போச்சு."

"அதுக்கென்ன எய்யா, தெனமும் போவுதுன்னுதான சொல்லுத?"

"இல்லம்மா. இன்னைக்கு நெசமாவே."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"அப்போ இம்புட்டு நாளும்?"