தினமும் 30 நிமிடம் நடப்பீர்!

அனுப்புநர்: தூத்துக்குடி உப்பளங்களை ஒட்டிய ஊர்க்காரன்.

பெறுநர்: உடல்நல அறிவுரைப் பலகை எழுதும் அதிகாரி அவர்கள்.

பொருள்: தங்கள் அறிவுரைகளைக் கடைப்பிடிக்க வழி கோருதல் தொடர்பாக.

ஐயா,

ஊர் முகப்பில் தாங்கள் நட்டுவைத்த பலகையைப் படித்தோம். உப்பைக் குறைப்பீர், தண்ணீர் நிறையக் குடிப்பீர், தினமும் 30 நிமிடம் நடப்பீர், மன அழுத்தம் தவிர்ப்பீர். அத்தனையும் நல்ல வார்த்தை. சிறு விளக்கங்கள் மட்டும் வேண்டும்.

நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் உப்பை நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். நாக்கில் நிறுத்திவிடுவோம். பாத்தியில் இறங்கி வாரும்போது கால் வெடிப்பில் ஏறும் உப்பை எந்தக் கணக்கில் எழுதுவது? விடியுமுன் தொடங்கி, தலைச்சுமையோடு வரப்பேறி நடக்கிறார்களே பெண்கள், அந்த நடை தங்கள் 30 நிமிடத்தில் சேருமா? இல்லை, வேலை முடிந்து வந்து ஷூ மாட்டிக்கொண்டு தனியாக நடக்க வேண்டுமா?

தண்ணீர் விஷயம் கொஞ்சம் கூச்சமானது. பல அளங்களில் கழிப்பறை இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் வெட்டவெளி; ஒதுங்க ஒரு கருவேலம் புதர்கூடக் கிடையாது. அதனால் பெண்கள் வீட்டிலிருந்து கிளம்பும்போதே தாகத்தை அடக்கிக்கொண்டு கிளம்புகிறார்கள். கொளுத்தும் வெயிலிலும் வாயை நனைப்பதோடு சரி. அப்புறம் நீர்க்கடுப்பு, காய்ச்சல், ஆஸ்பத்திரி. அங்கே, "ஏம்மா, ஒழுங்கா தண்ணி குடிக்க மாட்டியா?" என்று அதட்டல். என்ன பதில் சொல்வாள்? அன்றைய கூலியும் போய், திட்டும் வாங்கிக்கொண்டு திரும்புகிறாள்.

சர்க்கரை வந்தவர்கள் சோற்றைக் குறைத்துப் பருப்பும் பழமும் கூட்ட வேண்டுமாம். நான்கு பேர் உள்ள அரிசி அட்டைக்கு மாதம் 20 கிலோ அரிசி இலவசம். துவரம்பருப்பு 30 ரூபாய்க்கு 1 கிலோ. எங்கள் தட்டும் அதே விகிதத்தில்தான் இருக்கிறது. மாத்திரையைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும்: 2021இல் 'மக்களைத் தேடி மருத்துவம்' வந்தபின் அது வீட்டுக்கே வருகிறது. பழம்தான் இன்னும் எங்களைத் தேடிக்கொண்டிருக்கிறது.

மன அழுத்தத்துக்கு மூச்சுப்பயிற்சி செய்து பார்த்தோம். ஐப்பசி மழை இறங்கினால் அளத்தில் வேலை கிடையாது. மழைக்கால நிவாரணம் 5,000 ரூபாயை அரசு தருகிறது, வாங்கிக்கொள்கிறோம். பயிற்சி நல்ல பலன் தந்தது, வட்டிக்காரர் வாசலில் வந்து நிற்கும்வரை.

நிழற்கூரை போடுவீர், கழிப்பறை கட்டுவீர் என்று அள முதலாளிகளுக்கும் ஒரு பலகை எழுதி, அவர்கள் வீட்டு வாசலில் நட்டால் நன்று. அது பல துறைகளைத் தாண்டி வர வேண்டிய கோப்பு என்பீர்கள், தெரியும். அதுவரை எங்கள் பலகையைப் பிடுங்கி, அளத்தில் நாலு கால் ஊன்றிப் படுக்கைவாக்கில் பொருத்த அனுமதி வேண்டும். அடியில் நாலு பெண்கள் உட்காரலாம். எழுத்து கீழ்ப்பக்கமாக இருக்கட்டும். இளைப்பாறும்போது அண்ணாந்து படித்துக்கொள்வார்கள். கூடவே இன்னும் நாலு பலகை அனுப்பினால், அவற்றைச் செங்குத்தாக நிறுத்தி மறைப்புக் கட்டிக்கொள்கிறோம். அவற்றில் எந்த அறிவுரை எழுதியிருந்தாலும் சம்மதமே.

இப்படிக்கு,
தங்கள் பலகையை முழுதும் படித்தவன்.